பழைய காரின் புகைக்குழாய்: ஒட்டுப்போடுவதா, மாற்றுவதா?

எம்மவர் கூடுமிடங்களில் கார் பற்றிய பேச்சுக்குக் குறைவிருப்பதில்லை. என்ன கார், எந்த ஆண்டினது, எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடியது, எவ்வளவு கொடுத்து வாங்கியது என்பன எல்லாம் அலசப்படும். காரின் வயிற்றுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை நீளும் புகைக்குழாயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அது தானாகவே வாய் திறந்து தெருவெல்லாம் கேட்கச் சத்தமிடும்போதுதான் அப்படியொன்று இருப்பது நினைவுக்கு வருகிறது. அப்போதும் எழுகின்ற முதற் கேள்வி, "இதை எப்படியாவது அடுத்த ரியூவ் வரை இழுக்கலாமா?" என்பதுதான்.

இந்தக் கேள்வியே பிழையானது என்பது என் கருத்து. புகைக்குழாயைச் சத்தத்தை அடக்கும் ஒரு சாமானாக மட்டுமே நாம் பார்க்கிறோம். சத்தம் குறைந்தால் திருத்திவிட்டதாக எண்ணுகிறோம். உண்மையில் அது மனிதர் அடைபட்டு அமர்ந்திருக்கும் ஒரு பெட்டியிலிருந்து நஞ்சு வாயுவை விலக்கி வெளியே கொண்டுசெல்லும் வழி. அந்த வழி எங்கே உடைந்திருக்கிறது, ஏன் உடைந்தது, எந்தப் பகுதியை மாற்றவேண்டும் என்பவற்றை விளங்கிக்கொண்டால், ஒரு பழைய காரைக் குறைந்த செலவில் நியாயமாக ஓடவைக்கலாம். விளங்காவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: கராஜ்காரர் சொன்ன தொகையைக் கொடுப்போம், அல்லது தகரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு வீட்டிலுள்ளவர்களை அதில் ஏற்றுவோம்.

நான் வாழும் ஜேர்மனியில் புதிய காருக்கு மூன்று ஆண்டுகள் முடிய முதற் பரிசோதனையும், அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த பரிசோதனைகளும் உண்டு. ரியூவ், டெக்ரா எனப் பல நிறுவனங்கள் இதைச் செய்தாலும் எம்மவர் வாயில் எல்லாமே 'ரியூவ்' தான். முன்னர் தனியாக இருந்த புகைப் பரிசோதனை 2010 முதல் இதன் ஒரு பகுதியாகிவிட்டது. வாயு கசியும் குழாயோடு போனால் பெரும்பாலும் ஸ்ரிக்கர் கிடைக்காது. திருத்திக்கொண்டு மீண்டும் காட்ட ஒரு மாதம் தவணை தருவார்கள். எம்மவர் பலருக்குப் புகைக்குழாய் என்பது அந்த ஒரு மாதத்தின் தலையிடி மட்டுமே.

குழாய்க்குள் நடப்பது என்ன?

எஞ்சினிலிருந்து பின்னோக்கிப் போவோம். சிலிண்டர்களிலிருந்து வரும் வாயுக்களை ஒன்றாகச் சேர்க்கும் கிளைக்குழாய் முதலில் வருகிறது. அதற்கு அடுத்ததாகப் பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்களில், பின்னிய உருக்குக் கம்பியால் போர்த்த ஒரு நெகிழ்குழாய் இருக்கும். எஞ்சின் ஆடும்போது அந்த ஆட்டம் குழாய் முழுவதையும் உலுப்பாமல் தடுப்பது அதன் வேலை. அதன் அருகே எம்மவர் 'கற்' என்று அழைக்கும் ஊக்கி இருக்கும். அதற்கு முன்னொன்றும், அநேகமாகப் பின்னொன்றுமாக லம்டா உணரிகள் பொருத்தப்பட்டிருக்கும். பிறகு நடு சைலன்சர், பின் சைலன்சர், வால்குழாய். இவை அனைத்தும் றப்பர் வளையங்களில் ஊஞ்சல்போலத் தொங்குகின்றன.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுற்றும்போது, செக்கனுக்கு 100 முறை வாயு இக்குழாய்க்குள் தள்ளப்படுகிறது. இந்த நூறு அடிகளின் ஓசையை சைலன்சர் இரண்டு வழிகளில் அடக்குகிறது. ஒன்று, துளையிட்ட குழாயைச் சுற்றிக் கல்நார்ப் பஞ்சு போன்ற, வெப்பம் தாங்கும் கனிமப் பஞ்சை அடைத்து அதில் ஓசையை உறிஞ்சவைப்பது. மற்றது, அறைகளாகப் பிரித்து ஓசையலைகள் ஒன்றோடொன்று மோதி அழியும்படி செய்வது. உள்ளே ஒரு தடுப்புத் தகடு கழன்றுவிட்டால் வெளியே ஓட்டை ஒன்றும் இல்லாமலே சைலன்சர் கிலுகிலுக்கத் தொடங்கும். வெளியே வெள்ளையாகவும் உள்ளே சூத்தையாகவும் இருக்கும் பல்லைப் போன்றது அது.

ஊக்கி இன்னும் நுட்பமான சாமான். தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டியின் மேல் பிளாற்றினம், பலேடியம், றோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். காபனோரொட்சைட்டை ஒட்சியேற்றுவதும், எரியாமல் எஞ்சிய ஐதரோகாபன்களை எரிப்பதும், நைதரசனின் ஒட்சைட்டுகளை உடைப்பதுமாக மூன்று வேலைகளை அது ஒரேநேரத்தில் செய்கிறது. ஆனால் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை வரை சூடேறும்வரை அது வேலையைத் தொடங்குவதில்லை. காற்றும் பெற்றோலும் சரியான அளவில் கலந்திருந்தால் மட்டுமே மூன்று வேலைகளையும் ஒழுங்காகச் செய்யும். அந்த அளவைக் காப்பதற்காகவே லம்டா உணரி புகையில் எஞ்சியுள்ள ஒட்சிசனைப் பார்த்து எஞ்சினின் கணினிக்குச் சொல்கிறது. புகைப் பரிசோதனையில் பார்க்கப்படும் லம்டா எண் வழமையாக 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருக்கவேண்டும்.

உணரிக்கு முன்னால் ஒரு வெடிப்பு ஏற்பட்டால் என்ன நடக்கும்? வாயு வெளியே மட்டும்தான் கசியும் என்று நினைப்போம். அப்படியல்ல. இரண்டு வெடிப்புகளுக்கு இடையே குழாயில் அழுத்தம் குறையும் கணங்களில் வெளிக்காற்று அதனூடாக உள்ளே இழுக்கப்படுகிறது. உணரி அந்த ஒட்சிசனைக் கண்டு, பெற்றோல் போதவில்லை என்று கணினிக்கு அறிவிக்கிறது. கணினியும் பெற்றோலைக் கூட்டுகிறது. செலவு கூடுகிறது, காபனோரொட்சைட்டு கூடுகிறது, ஊக்கி அளவுக்கு மீறிச் சூடாகிறது. சில யூரோ பெறுமதியான ஒரு கஸ்கற் பழுதானதைக் கவனிக்காமல் விட, பல நூறு யூரோ பெறுமதியான ஊக்கி கெட்டுப்போவது இவ்வாறுதான்.

ஏன் கறள் பிடிக்கிறது?

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. கேட்பவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள். பெற்றோலிலுள்ள ஐதரசன் காற்றின் ஒட்சிசனோடு சேர்வதால் வரும் தண்ணீர் இது. குழாய் சூடாக இருந்தால் ஆவியாகவே வெளியேறிவிடும். குழாயின் உலோகம் ஏறத்தாழ 50 பாகைக்குக் கீழே இருந்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீராகத் தேங்கும். எஞ்சினிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் கடைசியாகச் சூடாவது பின் சைலன்சர். எனவே முதலில் உக்கிப்போவதும் அதுவே.

தேங்குவது வெறும் தண்ணீரும் அல்ல. நைதரசன் ஒட்சைட்டுகளும் எஞ்சியிருக்கும் சிறிதளவு கந்தகமும் அதை அமிலமாக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 முதல் எரிபொருளில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது என்பதால், முன்னரைப்போலக் கந்தக அமிலம் பெரிய பிரச்சினையல்ல. ஆனால் வெளியிலிருந்து இன்னொரு எதிரி வருகிறது: பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு. உள்ளிருந்து அமிலமும் வெளியிலிருந்து உப்புமாகத் தகட்டை இரண்டு பக்கமும் அரிக்கின்றன.

உருக்கின் தரமும் முக்கியம். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் தகடுகளைத் தொட்டுப் பழகிய பின் இது எனக்கு நன்றாகவே விளங்கியது. சமையல் பாத்திரத்தின் அடியில் 18/10 என்று அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 18 வீதம் குரோமியம், 10 வீதம் நிக்கல் என்பதே அதன் பொருள். கார்க் கொம்பனிகள் புகைக்குழாய்க்குப் பாவிக்கும் 'கறள் படாத' உருக்கில் பெரும்பாலும் 11, 12 வீதக் குரோமியமே இருக்கும். மேலே மண்ணிறம் பூத்தாலும் ஆழமாக அரிபட நீண்டகாலம் எடுக்கும். மலிவு விலை மாற்றுக் குழாய்களோ அலுமினியம் பூசிய சாதாரண உருக்கு. பூச்சு நிற்கும்வரை அது நிற்கும். ஒட்டிய விளிம்புகளிலும் வெட்டிய முனைகளிலும் முதலில் உக்கத் தொடங்கும்.

தூரப் பயணம் போகும் காரை விட, நாளாந்தம் மூன்று நான்கு கிலோமீற்றர் ஓடி நிற்கும் காரின் குழாயே விரைவில் உக்குகிறது என்பது மேற்சொன்னவற்றிலிருந்து தெளிவாகும். எமது குடும்பங்களில் அந்தக் கார் யாருடையது? வீட்டில் இரண்டு கார் இருந்தால் புதியது ஆண் வேலைக்குப் போவதற்கு. பழையது, அதிகாலை நான்கு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வரும் மனைவிக்கு. சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதும் அந்தக் காரே. குறுந்தூரம், குளிர்ந்த எஞ்சின், நிரந்தரமாக ஈரமான சைலன்சர். ஆகக் கூடுதலாக உக்கும் குழாயின் மேல், கார் பற்றி ஒன்றுமே சொல்லிக்கொடுக்கப்படாத பெண்ணும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள்.

மணமில்லாத நஞ்சு

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான பிடிப்போடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே காற்றில் சிறிதளவு இருந்தாலும் நேரம் செல்லச்செல்ல இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, சத்தி, நித்திரை மயக்கம். இரவு திருமண வீடு முடிந்து 300 கிலோமீற்றர் திரும்பி வரும் காரில் பின் ஆசனத்துப் பிள்ளைகள் தலையிடி என்று சொல்லிவிட்டு நித்திரையானால் நாம் என்ன நினைப்போம்? களைப்பு என்போம், சாப்பாடு ஒத்துவரவில்லை என்போம், பிள்ளைக்குக் கார்ப் பயணம் சரிவராது என்போம். பெரும்பாலான வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சத்தமிடும் குழாயோடு ஓடும் காரில் இந்த அறிகுறிகளை வேறுவிதமாகத்தான் பார்க்கவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரேநேரத்தில் தலையிடித்தால், காரை நிறுத்தி எல்லோரும் இறங்கிக் காற்றுப்பட நிற்கவேண்டும். யாருக்காவது மயக்கமென்றால் 112க்கு அழைக்கவேண்டும்.

"இப்போதுதான் எல்லாக் காரிலும் கற் இருக்கிறதே" என்று சொல்பவர்கள் உண்டு. சூடேறிய ஊக்கியைத் தாண்டி வரும் புகையில் காபனோரொட்சைட்டு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் ஊக்கிக்கு முன்னால் கசியும் வாயு ஊக்கியைக் காண்பதேயில்லை. குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் நிமிடங்களில் ஊக்கி இருந்தும் பயனில்லை. பனிக்காலத்தில் மூடிய கராஜுக்குள் காரைச் சூடாக்குவது ஆபத்தாவது இதனாலேயே.

இன்னொரு பழக்கமும் எம்மிடம் உண்டு. பழைய சோபாவையோ, கோவில் விழாவுக்கான பெரிய கிடாரங்களையோ ஏற்றிக்கொண்டு, பூட்ட முடியாத பின்கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு ஓடுவது. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்திருக்கும். வால்குழாயிலிருந்து வரும் புகை அங்கே சுழன்று, திறந்த கதவால் உள்ளே இழுபடும். குழாய் புதியதாக இருந்தாலும் இது நடக்கும். பழையதென்றால் கேட்கத் தேவையில்லை.

ஒட்டுப்போடும் மரபு

ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதை நான் இழிவாகப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வது தடுக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் மொறிஸ் மைனர்களையும் ஏ 40களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் எங்களுடைய கராஜ்காரர்கள். சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்த வித்தையை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழாய் உடைந்தால் பால்பேணித் தகரத்தை வெட்டிச் சுற்றிக் கம்பியால் இறுக்கினார்கள். வேறு சாமான் இல்லாத இடத்தில் அது சரியான தீர்வு.

அங்கே அது ஏன் சரியாக இருந்தது என்பதைச் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும். கண்ணாடிகள் எப்போதும் திறந்திருந்தன. குண்டும் குழியுமான வீதியில் வேகம் குறைவு. பயணம் சிறிது. அந்தக் கார்களில் ஊக்கியும் இல்லை, உணரியும் இல்லை, கணினியும் இல்லை. ஓட்டையால் போனது சத்தமும் புகையும் மட்டுமே. இங்கே மைனஸ் பத்துப் பாகையில் கண்ணாடிகளை மூடி, வெப்பமூட்டியைப் போட்டு, ஒட்டோபானில் 130இல் மணிக்கணக்காக ஓடுகிறோம். குழாயில் கசியும் ஒவ்வொரு துளியும் கணினியின் கணக்கைக் குழப்புகிறது. ஒரே தகரம், ஒரே கம்பி, சூழல் வேறு. அங்கே திறமையாக இருந்தது இங்கே ஆபத்தாகிறது. பழக்கத்தை மட்டும் கொண்டுவந்து, அதன் காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் இப்படித்தான் ஆகும். இது புகைக்குழாய்க்கு மட்டும் பொருந்தும் உண்மையுமல்ல.

கடையில் விற்கும் வெப்பம் தாங்கும் பட்டியைச் சுற்றுவதும் தற்காலிக வேலையே. வீடு வந்துசேர உதவும், ஆண்டுக்கணக்கில் நிற்காது. உறுதியான தகட்டில் ஏற்பட்ட ஒரு வெடிப்பைத் தொழில் தெரிந்தவர் ஒட்டினால் அது நியாயமான திருத்தம். ஆனால் கறளால் காகிதம்போல மெலிந்த தகட்டில் ஒட்ட முயன்றால், ஓட்டை பெரிதாவதுதான் மிச்சம்.

எதை மாற்றுவது?

அறிமுகமான ஒரு குடும்பத்தின் பழைய கோல்ஃபுக்கு, ஊக்கி உட்படப் புகைக்குழாய் முழுவதையும் மாற்றவேண்டுமென்று ஒரு கராஜில் சொன்னார்கள். காரின் பெறுமதியைவிடக் கூலியும் சாமானும் கூட. லிப்ரில் ஏற்றிக் காட்டும்படி கேட்டபோது உக்கியிருந்தது பின் சைலன்சர் மட்டுமே என்று தெரிந்தது. ஆகவே முதல் விதி: பார்க்காமல் சம்மதிக்கவேண்டாம். "எந்தப் பகுதி? காட்டுங்கள்" என்று கேட்பதற்கு நல்ல ஜேர்மன் மொழி தேவையில்லை.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. கசியும் இடத்தைச் சுற்றிக் கரிய புகைத்தடம் இருக்கும். காலையில் இயக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் மறைந்தால், எஞ்சினோடு சேரும் கிளைக்குழாயில் வெடிப்பு இருக்கலாம். உலோகம் விரிந்து அதை அடைப்பதால் சத்தம் நிற்கிறது. தட்டினால் கிலுகிலுப்பது உடைந்த தடுப்பாகவும் இருக்கலாம், வெறும் வெப்பத்தடுப்புத் தகடாகவும் இருக்கலாம். இரண்டாவதென்றால் ஒரு வாஷரோடு வேலை முடிந்தது. குளிர்ந்த குழாயை ஒரு ஸ்குறூடிறைவரால் குத்திப் பார்த்தால் உக்கிய இடம் உள்ளே போகும். நல்ல இடம் கணீரென்னும். பல சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிவதற்காகவே கொம்பனி இட்ட சிறு துளை ஒன்று இருக்கும். அதை ஓட்டையென்று நினைத்து அடைக்கவேண்டாம். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கி சைலன்சரை விரைவாகத் தின்றுவிடும்.

பின் சைலன்சர் மட்டும் போயிருந்து நடுக்குழாய் உறுதியாக இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். நடுக்குழாயும் பொருக்காக உதிர்ந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே இலாபம். புதியதைப் பழையதோடு இணைக்கும்போது பழையது உடைந்துவிடும். காரின் அடிச்சட்டமும் பிறேக் குழாய்களும் உக்கியிருந்தால் புகைக்குழாய்க்குச் செலவழிக்க முன்னர் காரை வைத்திருப்பதா என்று முடிவெடுங்கள்.

சாமான் வாங்கும்போது அதில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் 1 என்றால் ஜேர்மனியில், 2 என்றால் பிரான்சில், 4 என்றால் நெதர்லாந்தில் அங்கீகரிக்கப்பட்டது என்று பொருள். இந்த அடையாளம் இல்லாத சைலன்சரைப் போட்டால் பரிசோதனையில் மட்டுமல்ல, விபத்தொன்று நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

மாற்றும் வேலை

அடுக்குமாடி வீட்டுத் தரிப்பிடத்தில் படுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவேண்டாம். பெரும்பாலான இடங்களில் வீட்டு விதிகள் அதை அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியம், ஜக் ஒன்றை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போவது உயிரோடு விளையாடுவது. ஜேர்மன் நகரங்களில் லிப்ரையும் ஆயுதங்களையும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் கராஜ்கள் உண்டு. தெரிந்த ஒருவரோடு அங்கே போனால் ஒரு சனிக்கிழமை அரைநாள் போதும். பெரிய கராஜ்கள் பலவற்றில் ஒரு மணித்தியாலக் கூலி 100 யூரோவைத் தாண்டிவிட்ட காலம் இது.

1997இல் வெளிவந்த நான்காம் தலைமுறைக் கோல்ஃபை உதாரணமாக எடுக்கலாம். எம்மவரிடம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் கார் அது. கொம்பனியில் பொருத்தும்போது நடு சைலன்சரும் பின் சைலன்சரும் ஒரே துண்டாக வருகின்றன. மாற்றுச் சாமான் தனித்தனியாக வரும். ஆகவே குழாயை வெட்டவேண்டும். எங்கே வெட்டுவதென்று ஊகிக்கத் தேவையில்லை: குழாயைச் சுற்றிச் சிறு பள்ளங்களாக அடையாளமிட்டிருப்பார்கள். நடு அடையாளத்தில் நேராக வெட்டவேண்டும். இருபக்க அடையாளங்களும் இணைக்கும் கிளாம்பின் ஓரங்கள் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டும்.

முதல்நாள் இரவே எல்லா நட்டுகளுக்கும் கறள் கரைக்கும் ஒயிலை விசிறிவிடுங்கள். உணரியின் மின்னிணைப்புகளில் அது படக்கூடாது. சிலிக்கோன் கலந்த விசிறிகளை உணரிக்கு அருகிலேயே கொண்டுபோகக்கூடாது. குழாய் முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கழலாத நட்டைச் சற்று இறுக்கிப் பின் தளர்த்தினால் பல வேளைகளில் கறள் உடையும். பெற்றோல் தாங்கிக்கு அருகில் நெருப்பையோ பொறி பறக்கும் வெட்டு மெசினையோ பாவிக்கவேண்டாம். சங்கிலி வெட்டியோ இரும்பு வாளோ போதும். வெட்டும்போது கண்ணாடி அணியுங்கள், உதிரும் கறள் நேரே கண்ணுக்குத்தான் வரும்.

றப்பர் வளையங்களைச் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் கழற்றுங்கள். ஒயிலோ கிறீசோ றப்பரைக் கெடுக்கும். பழைய வளையங்களையும் கஸ்கற்றுகளையும் மீண்டும் போடவேண்டாம். சில யூரோ மிச்சம்பிடிக்கப் போய்ப் புதிய சைலன்சர் ஆடி உடையும்.

புதியதைத் தொங்கவிடும்போது எல்லாவற்றையும் முதலில் தளர்வாகவே பூட்டுங்கள். குழாய் எங்கும் இழுபடாமல் நேராகத் தொங்குகிறதா, பின் அச்சு, பிறேக் குழாய், வெப்பத்தடுப்புத் தகடு எதிலும் தொடாமல் விரலளவு இடைவெளியாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து பேர் ஏறினால் பின் அச்சுக்கும் குழாய்க்கும் இடையிலான தூரம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிறகு முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பின்னிருந்து தொடங்கினால் முறுக்கம் முழுவதும் முன்னே போய் நெகிழ்குழாயில் சேரும்.

இறுக்கியதும் இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, காற்றோட்டமுள்ள இடத்தில் எஞ்சினை இயக்குங்கள். குழாய் சூடேறமுன், தடித்த கையுறையோடு பெரிய துணியொன்றால் வால்குழாயைச் சில செக்கன்கள் மறையுங்கள். குமிழி வந்தாலோ சீறல் கேட்டாலோ அங்கே கசிவு. ஒன்றுமில்லாவிட்டால் வேலை சரி. ஒரு வாரம் ஓடியபின் நட்டுகளை இன்னொரு தடவை பாருங்கள். கழற்றிய ஊக்கி எப்போதாவது கையில் இருந்தால், பழைய இரும்பு எடுப்பவருக்குச் சும்மா கொடுத்துவிடவேண்டாம். அதிலுள்ள உலோகத்துக்கு விலை உண்டு. இனிமேல் அந்தக் கார் குறுந்தூரம் மட்டும் ஓடுவதானால், வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் வேகமாக ஓட்டி சைலன்சரை உலரவிடுங்கள்.

யாருடைய வேலை இது?

இவ்வளவும் வாசித்துவிட்டு, "இது மெக்கானிக்கின் வேலை, எங்களுக்கெதற்கு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எல்லோரும் ஸ்பானர் தூக்கவேண்டுமென்பது என் வாதமல்ல. செய்விப்பவர் என்ன செய்விக்கிறார் என்றாவது தெரிந்திருக்கவேண்டும். இரும்போடு பழகும் அறிவை ஒரு சாதியின் தொழிலென்று ஒதுக்கிவைத்து, புத்தக அறிவுக்கு மட்டும் கதிரை கொடுத்த சமூகம் நாம். வாயுக்களின் விதிகளைக் கரும்பலகையில் எழுதத் தெரிந்த ஒருவனுக்கு அந்த வாயு தன் பிள்ளையின் ஆசனத்துக்கு அடியால் எப்படிப் போகிறதென்று தெரியாமலிருக்கலாம். அதில் வெட்கமில்லை என்று நினைக்கப் பழக்கப்பட்டோம். விரிவுரை மண்டபத்திலும் தொழிற்சாலையிலும் ஆண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: இந்த இரண்டு அறிவுகளையும் பிரித்து வைத்ததில் நட்டப்பட்டவை இரண்டுமே.

இன்னொரு தரப்பினர், பழைய காரோடு மல்லுக்கட்டுவதைவிட மாதக் கட்டணத்துக்குப் புதியதொன்றை எடுப்பதே கௌரவம் என்கிறார்கள். கடன் கட்டும் வலு உள்ளவர்கள் எடுக்கட்டும். ஆனால் பழைய கார் வைத்திருப்பது வெட்கமென்ற எண்ணம்தான், அதன் பழுதை மறைத்து ஓட்டவும் வைக்கிறது. வெட்கப்பட வேண்டியது காரின் வயதுக்கல்ல.

எமது ஊர்ச் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் நடனமும் சங்கீதமும் கற்பிக்கின்றன, நல்லது. பனிக்காலம் தொடங்கமுன் ஒரு சனிக்கிழமை, வாடகைக் கராஜ் ஒன்றை எடுத்து, அதிகாலையில் தனியாகக் கார் ஓட்டிப்போகும் எமது பெண்களை முதலில் அழைத்து, அவரவர் கார்களை லிப்ரில் ஏற்றிக் காட்டினால் என்ன? இதற்கு மேடையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.